கூடற்றுறையில் விடங்கனார் சொன்ன சொல்

மங்கலம் பெருகுக. பருவம் தவறாது மழை பொழிக.

மூன்று ஆறுகள் கடல் சேரும் நீள்கரை நாட்டுக்கு உரியவளும், ஓங்கெயில் மாநகரின் செங்கோலைத் தந்தையாருக்குப் பின் பதினெட்டாம் ஆண்டாகத் தாங்கி நிற்பவளுமாகிய அவனிநங்கை, மேகம் தவழும் தென்வரை நாட்டின் கோமானும், பகை கண்டு பின்வாங்காதவரும், எம் சிற்றன்னையார் வயிற்றில் உதித்தமையால் எமக்குத் தம்பி முறையினருமாகிய அதிராவேந்தருக்கு விடுக்கும் ஓலை. உமது மலைகளில் தேன் குறையாதிருக்க. உமது அரண்மனையிலும், அதற்கு முன்னதாக உமது சிற்றூர்களிலும், எல்லோரும் நலம் பெறுக.

உமது தூதர் கொணர்ந்த ஓலை வந்து சேர்ந்தது. பெயர் அதிராவேந்தர் ஆயினும் எழுத்துகள் சற்றே அதிர்ந்திருந்தன. சென்ற ஆண்டு எம் துறைமுகங்களை வாட்டிய கழிச்சல் நோய் இப்போது உமது அடிவாரத்து ஏழு ஊர்களில் கண்டுள்ளது என்றும், எம் நாட்டில் அந்நோயை விரட்டிய அரசாணையின் படி ஒன்றைப் பொன்னூல் கோத்து அனுப்பினால், உமது அவைப் புலவர்கள் நல்ல வேளை பார்த்து ஊர்தோறும் அதனை ஓதுவார்கள் என்றும் எழுதியிருந்தீர். படித்தவுடன் நாம் சிரித்துவிட்டோம். ஏழு ஊர்களில் மக்கள் மடிந்துகொண்டிருக்கையில் சிரித்தோமே என்று அடுத்த கணமே நாணினோம். ஓதினால் நோய் ஓடும் ஓலை எம்மிடம் இல்லை, தம்பியாரே. இருந்தவை மூன்று ஓலைகள். அவற்றுள் இரண்டு, நோயோடு சேர்ந்துகொண்டு எம் மக்களைக் கொன்றன. நடந்ததை மறைக்காமல் எழுதுகிறோம்.

எம் ஆணைகளை எழுதும் ஓலைநாயகம் விடங்கனாரை நீர் அறிவீர். உமது திருமணத்துக்கு வாழ்த்தோலை எழுதியவர் அவரே. அதனை வாசித்து முடிப்பதற்குள் பந்தியில் சோறு ஆறிப்போயிற்று என்று நீரே எம்மிடம் குறைபட்டுக்கொண்டீர். இருபத்தாறு ஆண்டுகள் அவர் எழுதிய ஆணைகளில் ஒரு சொல்லும் அடித்துத் திருத்தப்பட்டதில்லை. தெருவில் மாடுகளை அவிழ்த்துவிடலாகாது என்று எழுதச் சொன்னால், மாட்டின் கொம்பைப் பிறைக்கு ஒப்பிட்டு, பிறையை யானையின் தந்தத்துக்கு ஒப்பிட்டு, யானையை எமக்கு ஒப்பிட்டு முடிப்பார். கேட்டவர்கள் மாடுகளை அவிழ்த்துவிட்டபடியே தலையாட்டிக்கொண்டு போவார்கள். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எமக்கும் அந்த யானை பிடித்திருந்தது. மகிழ்ந்தே முத்திரையிட்டோம்.

சென்ற வைகாசி முதல் வாரத்தில், எம் தலைநகரின் கூடற்றுறை என்னும் படித்துறையை ஒட்டிய குயவர் தெருவில் நோய் கண்டது. காலையில் சக்கரம் சுற்றியவர்கள் மாலையில் இல்லை. அரண்மனை மருத்துவி காரிநங்கையை அவைக்கு அழைத்து, இந்நோய் எதனால் வருகிறது என்று வினவினோம். தமக்கு இன்னும் தெரியவில்லை என்றும், பத்து நாள் தெருக்களில் நடந்து பார்த்தால் தெரியக்கூடும் என்றும் அவர் விடையளித்தார். சதுப்பு நிலத்திலிருந்து வீசும் மேல்காற்றாக இருக்குமோ என்று அவையில் யாரோ கேட்டதற்கு, இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றார்.

விடங்கனார் தம் எழுத்து மண்டபத்துக்குத் திரும்பி எழுத்தாணியை எடுத்தபோது, அந்த 'தெரியவில்லை' அவருக்குத் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. அரசியின் ஓலையில் தெரியவில்லை என்று எப்படி எழுதுவது? கேட்கும் குடிகள் அஞ்சமாட்டார்களா? அஞ்சாதிருக்க அவர்களுக்குத் திடமாக ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று அவர் மெய்யாகவே நம்பினார். ஆகவே மருத்துவி ஐயமாகச் சொன்னதை முடிவாக எழுதினார். மேல்காற்றே நோய்க்கு மூலம் என்றும், சாளரங்களையும் கதவுகளையும் அடைத்து உள்ளிருக்க வேண்டும் என்றும் நாற்பது வரிகளில் ஆணை பிறந்தது. அதற்கும் நாம் முத்திரையிட்டோம்.

மக்கள் அந்த ஓலைக்குப் பணிந்தார்கள். தம்பியாரே, துயரம் அதுதான். கத்திரி வெயிலில் சாளரம் அடைத்த வீடுகளுக்குள் வெந்தார்கள். வெந்ததனால் தாகம் மிகுந்தது. தாகம் மிகுந்ததனால் துறைத் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தார்கள். ஒன்பது நாள்களில் நாற்பத்து மூவர் மாண்டனர்.

பத்தாம் நாள் காரிநங்கை, புழுதி படிந்த காலோடு நேராக அவைக்கு வந்தார். குயவர் தெருவுக்கும் நெசவாளர் தெருவுக்கும் வீசுவது ஒரே காற்று. குயவர் தெருவில் வீட்டுக்கு ஒருவர் விழ, நெசவாளர் தெருவிலோ ஒருவரும் விழவில்லை. நெசவாளர் தங்கள் தெருக் கிணற்றில் நீர் எடுக்கிறார்கள். குயவர் துறையில் எடுக்கிறார்கள். அத்துறைக்கு மேலே இருக்கும் கற்களில்தான் நோயாளிகளின் துணிகள் அலசப்படுகின்றன. நோய் காற்றில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது என்று அவர் உறுதியாகச் சொன்னார். நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும் என்றும், கழிச்சல் கண்டவர்க்கு உப்பிட்ட கஞ்சித் தண்ணீரை ஓயாமல் புகட்டினால் பெரும்பாலோர் பிழைப்பார்கள் என்றும், இதை இன்றே ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றும் வேண்டினார்.

விடங்கனார் அன்றே எழுதினார். ஆயினும் இரண்டு சங்கடங்கள் அவரை ஆட்டுவித்தன. முன்னைய ஓலை தவறு என்று சொன்னால் அரசியின் பெருமையும், ஒருவேளை தம் பெருமையும், குன்றும். ஆகவே காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தாண்டினார். அடுத்து, கழிச்சல், கஞ்சி முதலிய சொற்கள் அரச ஓலையில் ஏறத் தகுதியற்றவை என்று கருதினார். 'புனலை அனலொடு புணர்த்திய பின்னரே பருகுக. உவர் கலந்த அன்னத்தெளிவினை நோயுற்றார்க்கு நல்குக' என்று அவர் எழுதிய வரிகள் இன்றும் எமக்கு மனப்பாடம். அழகிய வரிகள். மறக்க விரும்புகிறோம், இயலவில்லை.

முரசறைவோன் கொற்றன் அதைத் தெருத்தெருவாக வாசித்தான். மூன்றாம் தெருவிலேயே மூச்சு முட்டியது என்றும், போர் மூண்டதா, அரண்மனையில் பிள்ளை பிறந்ததா என்று கேட்டவர்களுக்குத் தன்னால் விடை சொல்ல முடியவில்லை என்றும் பின்னர் முறையிட்டான். மறுநாள் காலை, கையில் குடத்துடன் ஐந்து பேர் அரண்மனைத் தோட்டத்துக் குளக்கரையில் நின்றனர். அன்னத்தெளிவு வேண்டும் என்றனர். எம் குளத்து அன்னப்பறவைகள் நீந்தித் தெளிந்த நீரைத்தான் அரசி மருந்தாக அருளியிருப்பதாக அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். காவலர் சிரித்தனர். அந்த ஐவரின் வீட்டிலும் நோயாளிகள் கிடந்தார்கள் என்பதை அறிந்தபின் அவர்களும் சிரிக்கவில்லை.

குயவர் தெருவில் ஒரே புகையாக இருக்கிறது என்ற செய்தி கேட்டு, விடங்கனார் தாமே பல்லக்கில் ஏறிப் பார்க்கச் சென்றார். நீர் காய்ச்சும் புகை என்று எண்ணி உள்ளூர மகிழ்ந்தே சென்றார். அங்கே வீடுதோறும் அடுப்புகள் அணைந்து சாம்பற்சேறாகக் கிடந்தன. வாசலில் மோர் விற்கும் எயினி என்பவள் ஈர அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தாள். பல்லக்கையும் பட்டாடையையும் கண்டு எழுந்து நின்று, ஓலை எழுதிய ஐயா இவர்தாம் என்று அறிந்தபின், சினமில்லாமல், ஐயம் தீர்த்துக்கொள்பவளாகவே கேட்டாள்:

"மூன்று வேளையும் நெருப்பில் தண்ணீர் ஊற்றினோம், ஐயா. மிச்சத்தைத் தங்கைக்குக் குடிக்கக் கொடுத்தேன். நேற்றுப் போய்விட்டாள். ஊற்றின அளவு குறைந்துபோயிற்றோ?"

அவள் தம்மைக் குற்றம் சாட்டியிருந்தால், இருபத்தாறு ஆண்டுகள் சொல்லுக்குத் தவித்தறியாத விடங்கனார் விடை சொல்லியிருப்பார். அவளோ தன் கையில்தான் பிழை என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அதை அவரால் தாங்க முடியவில்லை. பல்லக்கை அனுப்பிவிட்டு நடந்தே திரும்பினார் என்று கொற்றன் சொல்லக் கேட்டோம்.

நேரே எம்மிடம் வந்து எழுத்தாணியைக் காலடியில் வைத்து, தம்மைப் பணியிலிருந்து விடுவிக்குமாறு வேண்டினார். விடுவித்தல் எமக்கு எளிது, அவர்க்கும் எளிது. நாம் இசையவில்லை. ஊர் கேட்கும்படி தவறாகச் சொன்னவர் ஊர் கேட்கும்படி திருத்தவும் வேண்டும் என்றும், அதன்பின் போக விரும்பினால் போகலாம் என்றும் கூறினோம்.

அவர் எயினியின் வாசலுக்குத் திரும்பிச் சென்றார். பிழை அவளுடையதன்று, தம்முடையது என்று முதலில் சொன்னார். அவள் நெடுநேரம் அழுதாள். பிறகு, இனி அந்தத் தெருவில் யாரும் அப்படி ஏமாறக் கூடாது என்று சொல்லி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று பகல் முழுவதும் அவர் எழுதுவதும், அவள் கேட்டுவிட்டு விளங்கவில்லை என்பதுமாகக் கழிந்தது. முப்பதுக்கு மேல் ஓலைகள் வீணாயின. எம் ஓலைநாயகம் ஒரு சொல்லை அடித்துத் திருத்துவதை அன்றுதான் உலகம் கண்டது. நீரைச் சுடவைக்க என்று எழுதினார். குளிக்கும் அளவுக்குச் சுட்டாலும் சூடுதானே என்றாள். நன்கு சுடவைக்க என்றார். யாருடைய நன்கு என்றாள். மூன்று விரல் உப்பு என்றார்; விரலால் அள்ளுவதா, விரல் உயரம் போடுவதா என்றாள். இறுதியில் அவர் எழுத்தாணியை அவளிடம் நீட்டினார். எழுதத் தெரியாது, சொல்கிறேன் என்றாள். அவள் சொல்ல, அவர் எழுதினார்.

அவள் வாயிலிருந்து எமக்கும் இரண்டு குட்டுகள் விழுந்தன. எல்லா நீரையும் கொதிக்கவைக்க விறகு எங்கே இருக்கிறது, அரசி வீட்டு அடுப்பு போலவா எங்கள் அடுப்பு என்று அவள் கேட்டதாக விடங்கனார் மென்று விழுங்கிச் சொன்னார். அது எம் மனத்தில் தோன்றவே இல்லை. அன்றே கப்பல் கட்டும் களத்து மரத்துண்டுகளை வண்டிகளில் ஏற்றித் தெருக்களுக்கு அனுப்பினோம். இரண்டாவது, நோயை மறைப்போர்க்குக் கசையடி என்று படைத்தலைவர் கேட்டபடி நாம் முத்திரையிட்டு வைத்திருந்த ஆணை. விடங்கனார் அதைச் சொல்லக் கேட்டு, அது வெளிவந்தால் நோயாளிகளைப் பரணில் ஏற்றி ஒளிப்போமே தவிர மருத்துவியிடம் காட்டமாட்டோம் என்றாள். அந்த ஓலையை நாமே அடுப்பிலிட்டோம். அரண்மனை அடுப்பு நன்றாகவே எரிகிறது என்பதை நாமும் கண்டோம்.

மிஞ்சியது பெரிய வழக்கு. முன்னைய ஓலை பொய்த்தது என்று வெளிப்படச் சொல்வதா? அமைச்சர் அனைவரும் கூடாது என்றனர். அரசாணை ஒருமுறை பொய்த்தது என்று தெரிந்தால் அடுத்ததை யார் மதிப்பர் என்றனர். காரிநங்கை மட்டும், மேல்காற்று ஓலையை நம்பிச் சாளரம் அடைத்தவர்கள் இன்னும் அடைத்தே கிடக்கிறார்கள், அவர்களை யார் வெளியே அழைப்பது என்று கேட்டுவிட்டு அமர்ந்தார். விடங்கனார் எழுந்து, பொய்த்தது அரசியின் சொல் அன்று, தம் சொல் என்றும், தம் பெயரிலேயே சொல்லிக்கொள்வதாகவும் கூறினார். முத்திரை எம்முடையது ஆகலின் எம் பெயரும் சேரட்டும் என்றோம்.

மறுநாள் விடியலில், பெண்கள் குடத்துடன் இறங்கும் வேளையில், விடங்கனார் கூடற்றுறையின் மேற்படியில் வந்து நின்றார். பட்டு இல்லை, பல்லக்கு இல்லை. கொற்றன் முரசை மூன்று முறை அறைந்து விலகினான். ஓலை இல்லாத கைகளை எங்கே வைப்பது என்று விடங்கனார்க்குத் தெரியவில்லை. வாய் காய்ந்து, துறைத் தண்ணீரையே ஒரு வாய் குடித்துவிடலாமா என்றுகூட அக்கணத்தில் தோன்றியதாம். இதை அவரே எம்மிடம் ஒப்புக்கொண்டார். எயினியைத் தேடிக் கண்டுகொண்டு, அவளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்:

"காற்றால் நோய் வருகிறது என்று எழுதியவன் நான். அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதினேன். அரசியும் நம்பி முத்திரையிட்டார்கள். அது தவறு. நோய் இந்தத் தண்ணீரில் இருக்கிறது. தளதளவென்று கொதித்துக் குமிழி வரும்வரை காய்ச்சி, ஆறவைத்துக் குடியுங்கள். வயிற்றால் போகிறவர்களுக்குக் கஞ்சித் தண்ணீரில் கண்ணீர் அளவு கரிக்கும்படி உப்பிட்டு, நிறுத்தாமல் கொடுங்கள். அவர்கள் துணியைத் துறையில் அலசாதீர்கள். அவர்களைத் தொட்ட கையைச் சாம்பலிட்டுக் கழுவுங்கள். விறகு தெருமுனைக்கு வந்திருக்கிறது. இன்னும் எங்களுக்குத் தெரியாதது நிறைய உண்டு. தெரிகிற அன்றே இங்கே வந்து சொல்வேன்."

கண்ணீர் அளவு என்பது எயினியின் அளவு. அந்தத் தெருவில் அதன் சுவை அறியாதவர் அப்போது எவரும் இல்லை.

நிறைந்த குடத்தோடு கரையேறிய ஒருத்தி அதைச் சரித்து ஆற்றிலேயே ஊற்றினாள். பிறகு கிழக் குயவர் ஒருவர், அப்படியானால் சாளரத்தைத் திறக்கலாமா என்று கேட்டார். திறக்கலாம் என்று விடங்கனார் தலையசைத்தார். சற்று நேரத்தில் தெரு நெடுகிலும் தாழ்ப்பாள்கள் விலகும் ஓசையும், வெயிலில் இறுகிய மரக்கதவுகள் முனகித் திறக்கும் ஓசையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. தாம் எழுதிய எந்த வரிக்கும் அப்படி ஓர் எதிரொலி கிடைத்ததில்லை என்று விடங்கனார் சொல்வார். சொல்லும்போது இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அதன்பின் நாள்தோறும் அதே வேளையில் வந்து, நேற்று எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை பேர் எழுந்தார்கள் என்று உள்ளபடி சொன்னார். ஆறாம் நாள் விழுந்தவர் தொகை ஏறிற்று. அன்று மட்டும் போகாதிருக்கலாமே என்று அமைச்சர் ஒருவர் பரிவோடு கூறினார். விடங்கனார் போனார். தொகை ஏறியது என்றும், ஏன் என்று மருத்துவிக்கு இன்னும் தெரியவில்லை என்றும் சொன்னார். கூட்டத்திலிருந்த ஓடக்காரன் ஒருவன், அக்கரை ஓடங்களில் பயணிகளுக்குத் துறை நீரையே இன்னும் மொண்டு கொடுக்கிறோம், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றான். அன்று மாலைக்குள் ஓடம்தோறும் காய்ச்சிய நீர்ப்பானை ஏறியது. தொகையை மறைத்திருந்தால் அந்த ஓடக்காரன் வாய் திறந்திருக்க மாட்டான்.

ஆடி பிறந்தபோது நோய் அடங்கிற்று. நூற்றுப் பன்னிருவரை இழந்தோம். அவர்களுள் எத்தனை பேர் எம் ஓலைகளால் மாண்டவர்கள் என்பதை அறியோம். விடங்கனார் பணியை விட்டுப் போகவில்லை. இப்போது அவர் எழுதும் ஆணைகள் எயினியிடம் வாசித்துக் காட்டப்பட்ட பின்னரே எம் முத்திரைக்கு வருகின்றன. 'மாட்டைக் கட்டிப் போடுங்கள்' என்பது அண்மையில் வந்த ஆணை முழுவதும். மாடுகள் கட்டப்பட்டுவிட்டன. யானை இல்லாதது எமக்குச் சிறிது வருத்தமே. அதை அவரிடம் சொல்லவில்லை, நீரும் சொல்லற்க.

இனி உமக்குச் சொல்வது. எம் சொற்களைப் படியெடுத்து ஓதாதீர். எம் துறை வேறு, உமது சுனை வேறு. எமக்கு விறகு அரிது, உமக்கு உப்பு அரிது. ஆகவே உப்பு ஏற்றிய முப்பது பொதிமாடுகளை இவ்வோலையுடன் விடுத்துள்ளோம். காரிநங்கையின் மாணவியர் இருவர் உடன் வருகின்றனர். அவர்கள் தெரியவில்லை என்று சொல்லும் நாள்களில், நீரும் உமது குடிகளிடம் தெரியவில்லை என்றே சொல்லும். உமது அவைப் புலவர்களுக்கு ஓய்வு கொடும். அடிவாரத்து ஊர்களில் எல்லோரும் நம்பிப் பேசும் ஒருத்தியோ ஒருவனோ இருப்பார். அவரைத் தேடி அவர் வாசலில் போய் உட்காரும். அரியணையைவிட அது சற்றுத் தாழ்வாக இருக்கும், முதுகு பழகிக்கொள்ளும்.

இவ்வோலையைக் கொண்டுவருபவர் விடங்கனாரே. எழுதியவர் அவரல்லர். எம் வாய்மொழியாகக் கேட்டு எழுதியவன் இரண்டாம் ஓலைக்காரன் நாகன். விடங்கனாரிடம் இதைப் படித்துக் காட்டியபோது, இது மிக நீளம் என்றார். தம்பியாரே, அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்க நாம் பதினெட்டு ஆண்டுகள் அரசாண்டது வீண்போகவில்லை. பின்னர், நோய் கண்ட ஊருக்குப் போகும் ஓலை இப்படி இருக்கலாகாது என்று கூறி, நான்கே வரிகளில் ஒரு சிற்றோலை எழுதி இதன் மேல் கட்டியிருக்கிறார்.

எல்லைக் கடவுகளைக் காப்போர் இவர்களையும் பொதிமாடுகளையும் ஒரு நாழிகையும் நிறுத்தாது விடுக. உமக்கு ஆணையிட எமக்கு உரிமையில்லை; தமக்கை என்ற முறையில் ஒன்று கட்டளையிடுகிறோம். சிற்றோலையை முதலில் படியும். அதை விடுத்து இதைத் தொடங்கி இதுவரை வந்துவிட்டீராயின், இவ்விடத்திலேயே நிறுத்தி, எழுந்து போய் உலையேற்றச் சொல்லும்.

இது நீள்கரை நாட்டு அவனிநங்கையின் சொல். இதற்குச் சான்று எம் நங்கூர முத்திரை. இதில் பிழை காணப்படின், கண்ட அன்றே எழுதித் திருத்துவோம்.